வான் பாயும் நாட்களில் வன்னி: மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் சுற்று

இலங்கையின் வடக்கே, வன்னியில் நீர்வீழ்ச்சி இல்லை. படிக்கவோ வேலைக்கோ புதிதாக இங்கே வருகிறவர்கள், அதிலும் மலையகத்தில் இருந்து வருகிற பிள்ளைகள், இங்கே ஏன் நீர்வீழ்ச்சி இல்லை என்று முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள். தரை தட்டையாகக் கிடக்கிறது, தண்ணீர் விழுவதற்கு உயரம் இல்லை. ஆனால் மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது ஒரு தரம் பக்கத்தில் நின்று பாருங்கள். அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

வான் என்பது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளக்கட்டின் ஓரிடத்தில், கட்டைவிடத் தாழ்வாக, கல்லாலோ கொங்கிறீற்றாலோ ஒரு வழி கட்டியிருப்பார்கள். குளம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அதன் மேலால் வழிந்து ஆற்றுக்குப் போகும். அதைத்தான் குளம் வான் பாய்கிறது என்கிறோம். வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாய் துருசு. பெரிய குளங்களில் வானுக்கு இரும்புக் கதவுகள் உண்டு. அவை வான்கதவுகள். கதவில்லாமல் தானாக வழிகிற குளத்துக்கும் கதவு திறந்து விடுகிற குளத்துக்கும் உள்ள வித்தியாசம் உயிரோடு சம்பந்தப்பட்டது, கீழே அதற்கு வருகிறேன்.

குளம் வான் பாய்வதை நான் முதன்முதலில் பார்த்தது வவுனிக்குளத்தில். விளிம்பு வரைக்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் வந்தது. விளிம்பில் வளைகிற அந்த ஒரு சாண் தூரத்தில் மட்டும் தேத்தண்ணி நிறத்தில் உள்ளே வெளிச்சம் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் வெள்ளை. சின்னச் சின்ன மீன்கள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து மேலே பாய்ந்து, விளிம்பில் மோதி, திரும்ப விழுந்துகொண்டிருந்தன. கீழே ஒருவர் வீச்சுவலையோடு கால் நனையாத இடமாகப் பார்த்து நின்றார். நான் அரை மணித்தியாலம் அங்கேயே நின்றேன். அதைக் காட்டத்தான் இப்போது உங்களுக்கு இவ்வளவும் எழுதுகிறேன்.

நாள் பார்ப்பது

வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். நவம்பர் கடைசியும் டிசம்பரும்தான் கடும் மழை, புயல் வருவதும் அப்போதுதான். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் வெள்ளத்துக்குள் போனதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் பெருமழை நேரத்தில் புறப்படாதீர்கள். மழை ஓய்ந்து நாலைந்து நாள் வெயில் அடித்த பிறகு, ஜனவரி நடுவில் இருந்து பெப்ரவரி நடுவுக்குள் ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். குளங்கள் நிறைந்திருக்கும், சில இன்னும் மெல்லியதாக வழிந்துகொண்டிருக்கும், ஆறுகளில் வேகம் தணிந்திருக்கும், வயல்கள் பச்சையும் பொன்னுமாக இருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் போனால் நீங்கள் பார்ப்பது வெடித்த சேற்றையும் மாடுகளையும்தான்.

முதல் நாள் செய்தி பாருங்கள். மழைக்காலத்தில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் இத்தனை அடி என்று ஒவ்வொரு நாளும் சொல்வார்கள். புனரமைப்புக்குப் பிறகு அதன் முழு மட்டம் 36 அடி. மட்டம் அதற்குக் கிட்ட இருந்து, மழையும் எதிர்பார்க்கப்படுகிறது என்றால் வான்கதவு திறப்பார்கள் என்று அர்த்தம். அந்தக் கிழமை வேண்டாம். எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்த வீதி மூடியிருக்கிறது என்பதை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம். போகிற ஊரில் ஒருவரைத் தெரிந்திருந்தால் அவரிடம் கேட்பது அதைவிட நல்லது.

ஆட்களும் பைக்கும்

மூன்று பைக், கூடினால் ஐந்து. அதற்கு மேல் போனால் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே போய்விடும். ஒரு பைக்கில் இரண்டு பேர்தான், இருவருக்கும் ஹெல்மெற். சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் மழைக்கு நனையாத உறைக்குள் இருக்கட்டும். ஏ9 வீதியில் பொலிசார் மறிப்பார்கள், எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நிமிட வேலை.

முதல் நாள் பின்னேரம் பைக்கைப் பாருங்கள். ரயரில் பூ தேய்ந்திருந்தால் அந்தப் பைக் வர வேண்டாம். நனைந்த கிறவல் வீதியில் தேய்ந்த ரயர் சோப்புப் போட்டது போல வழுக்கும். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, செயின் தொய்ந்திருக்கிறதா, முன் வெளிச்சமும் பின் வெளிச்சமும் எரிகிறதா என்று பாருங்கள். ஸ்கூட்டியில் வரலாம், பிரதான வீதிகள் எல்லாம் நல்ல தார் வீதிதான். ஆனால் குளக்கட்டுக்குப் போகிற உள் பாதைகளில் அதன் சின்னச் சில்லு சேற்றில் புதையும். அங்கே இறங்கி நடக்க ஆயத்தமாக இருங்கள்.

குழுவுக்குள் வேகம் குறைந்தவரை இரண்டாவதாக விடுங்கள். அனுபவசாலி கடைசியில் வரட்டும், பழுது பார்க்கிற சாமானும் அவரிடமே இருக்கட்டும். ஒரே ஒரு விதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டால் போதும்: எந்தச் சந்தியில் திரும்பினாலும், பின்னால் வருகிற பைக் கண்ணில் படும் வரை திரும்பியவர் நிற்க வேண்டும். காட்டுப் பகுதிகளில் போனுக்குச் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். இந்த விதி இருந்தால் போன் தேவையே வராது.

கொண்டு போகிற சாமானைக் குறைவாக வைத்திருங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், மழைக்கோட்டு, ஒரு துவாய், மாற்றுடுப்பு ஒன்று, போனுக்கும் காசுக்கும் தடித்த சொப்பிங் பை. குழுவுக்கு ஒன்றாகக் காற்றடிக்கிற சின்னப் பம்பி, ஒட்டுப்போடும் சாமான், பிளக் கழற்றும் சாவி, ஒரு முழத்துக்கு ரியூப் துண்டு (எதையும் இறுக்கிக் கட்டலாம்), காயத்துக்கு மருந்து. செருப்போடு வராதீர்கள். பாசி பிடித்த கொங்கிறீற்றில் செருப்பு நிற்காது, விழுந்தால் கால் விரலும் போகும்.

பாதை

இது கிளிநொச்சியில் தொடங்கி கிளிநொச்சியில் முடிகிற வட்டம். இரணைமடு, முறிகண்டி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, தண்ணீரூற்று, வற்றாப்பளை, முல்லைத்தீவு, வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, பரந்தன். பக்கப் பாதைகளையும் சேர்த்தால் சுமார் 170 கிலோமீற்றர். ஒரு சாதாரண 125 சிசி பைக்குக்கு நாலு லீற்றர் பெற்றோல் போதும், இருந்தாலும் புறப்படும்போது தாங்கியை நிரப்புங்கள். ஓட்டம் மட்டும் நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். மிச்ச நேரம் எல்லாம் நிற்பதற்கும் பார்ப்பதற்கும்.

ஜனவரியில் ஆறு இருபதுக்குப் பிறகுதான் சூரியன் எழும். ஆறு மணிக்குப் புறப்பட்டால் இரணைமடுச் சந்தியில் திரும்பும்போது வெளிச்சம் வந்துவிடும். கட்டு மேல் ஏறும்போது கிழக்கே தண்ணீர் முழுக்கச் சிவந்திருக்கும். பெயரில் உள்ள இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆறு வவுனியாவின் வடக்குக் காடுகளில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடிவருகிறது. அதை மறித்துக் கட்டியதுதான் இந்தக் குளம், 1902இல் வேலை தொடங்கியது. இங்கே மிச்சமாகிற தண்ணீர் வடக்கே சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது, காலைப் பூசை மணி தண்ணீருக்கு மேலால் கேட்கும். கட்டில் நின்று பாருங்கள், வான்கதவுகளுக்குக் கீழே இறங்காதீர்கள்.

எட்டு மணிக்கு முறிகண்டி. ஏ9இல் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போகாது. தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, கற்பூரம் காட்டி, பிறகு சாப்பாடு. இடியப்பமும் சம்பலும் சொதியும், இல்லையென்றால் வடையும் பிளேன்ரீயும். புறப்படும்போது கச்சான் இரண்டு சரை வாங்கிப் பொக்கெற்றில் போடுங்கள். முறிகண்டியில் கச்சான் வாங்காமல் வந்தால் வீட்டில் கேள்வி வரும். பெண்பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் மலசலகூடத்துக்கு இங்கேயே போய்வருவது நல்லது, அடுத்த வசதியான இடம் மாங்குளம்தான்.

கொக்காவில் தொலைத்தொடர்புக் கோபுரத்தைக் கடந்து மாங்குளத்தில் இடது பக்கம் திரும்பினால் ஏ34. முல்லைத்தீவு வரை சுமார் 50 கிலோமீற்றர். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் உள்ள காட்டு வீதிதான் இந்தச் சுற்றில் ஓட்டுவதற்கு எனக்கு மிகவும் பிடித்த துண்டு. இரண்டு பக்கமும் பாலை, வீரை, முதிரை மரங்கள். காலை ஒன்பது மணிக்குக்கூடக் கழுத்தில் குளிர் படும். மயில்கள் வீதிக்குக் குறுக்கே ஓடாமல் கடைசி நேரத்தில் பறக்கும், தலைக்கு நேரே வரும். மணிக்கு 50க்கு மேல் போக வேண்டாம். யானை லத்தி வீதியில் கிடந்தால், அது ஈரமா காய்ந்ததா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால் நிற்காமல், ஹோர்ன் அடிக்காமல் போய்விடுங்கள்.

நெல் காயவிடுகிற காலமும் இதுதான். காலபோக அறுவடை தொடங்கியதும் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லும் தடியும் வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். நெல்மணிக்கு மேல் ரயர் ஏறினால் மணலில் ஏறியது போல வழுக்கும். அதைவிட, அது ஒரு வீட்டின் ஒரு போகத்து உழைப்பு. எதிரே வாகனம் வந்தால் நீங்கள் நின்று வழிவிடுங்கள், நெல்லுக்கு மேல் ஒதுங்காதீர்கள்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு முத்தையன்கட்டுக்கு வழி கேளுங்கள், கடையில் யாரும் காட்டுவார்கள். பேராற்றை மறித்துக் கட்டிய குளம் இது. இங்கே அவசரப்படாதீர்கள், இரண்டு மணித்தியாலம் இருக்கலாம். குளத்து மீன் வாங்கிச் சமைக்கிற எண்ணம் இருந்தால் மீனவர்கள் வலை இழுத்துக் கரைக்கு வருகிற நேரத்தில் கேட்டு வாங்குங்கள். ஜப்பான் மீனும் விராலும் கிடைக்கும்.

முள்ளியவளைப் பக்கம் தண்ணீரூற்று என்று ஓர் ஊர். பெயரே சொல்கிறது. ஊற்றங்கரைப் பிள்ளையாரடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வற்றாப்பளைக்குப் போங்கள். முத்தையன்கட்டைக் கடந்து வருகிற பேராறு சேர்கிற நந்திக்கடல் களப்பு, கண்ணகை அம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வைகாசிப் பொங்கலில் உப்புத்தண்ணீரில் விளக்கெரிகிற கோயில் இதுதான். காலையில் முத்தையன்கட்டில் பார்த்த தண்ணீர் கடைசியில் வந்து சேர்கிற இடத்தை மத்தியானம் பார்க்கிறீர்கள். இதற்காகத்தான் பாதையை இந்த ஒழுங்கில் சொன்னேன், எதிர்த்திசையில் சுற்றாதீர்கள்.

சோற்றுப் பார்சலை முல்லைத்தீவில் வாங்கலாம். கடலில் குளிக்க வேண்டாம், இந்த மாதங்களில் அங்கே அலையும் இழுவையும் கடுமை.

நகரத்தைத் தாண்டியதும் வட்டுவாகல். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல் வாய். ஒடுக்கமான, தாழ்வான பாதை அது. வெள்ள நேரத்தில் மேலால் தண்ணீர் போகும். பாலத்தின் நிலைமையை முல்லைத்தீவிலேயே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். போக முடியாது என்றால் வந்த வழியே திரும்புங்கள். அதைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் இந்த மணலில் எத்தனை பேரை இழந்தோம் என்பது வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பாட்டை நிறுத்திவிட்டு, மெதுவாகப் போங்கள். இறங்கிக் கும்பிட விரும்பினால் நினைவு முற்றத்தில் இறங்குங்கள். படம் எடுத்துக்கொண்டு சிரித்து நிற்கிற இடம் அல்ல அது.

புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனுக்கு ஏ35 நல்ல வீதி. நேரம் இருந்தால் விசுவமடுப் பக்கம் கல்மடுக்குளத்தை எட்டிப் பாருங்கள். நாலரைக்குப் பிறகு வேண்டாம்.

தண்ணீரில் இறங்குவது பற்றி

இதை ஆறுதலாக வாசியுங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் இங்கே குளத்திலும் ஆற்றிலும் இளம் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். பலர் நீந்தத் தெரிந்தவர்கள்.

வான்கதவு உள்ள குளத்தில், கதவுக்குக் கீழே உள்ள ஆற்றுப் படுக்கையில் இறங்கவே கூடாது. மேலே மழை பெய்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் முழங்கால் தண்ணீர் சில நிமிடத்தில் கழுத்துக்கு வரும். கதவில்லாமல் தானாக வழிகிற வானில் தண்ணீர் அப்படித் திடீரென்று ஏறாது. அங்கே பயம் பாசி. வழிகிற கொங்கிறீற்றில் ஒரு விரல் ஆழத் தண்ணீர் போனாலும் கால் நிற்காது. அதன் அடியில் தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்த குழி இருக்கும், வெள்ளை நுரை அதை மூடியிருக்கும். அந்த நுரைக்குள் இறங்காதீர்கள்.

அப்போ எங்கேதான் குளிப்பது? ஊர்ச்சனம் குளிக்கிற இடத்தில், அவர்கள் குளிக்கிற நேரத்தில். துருசு வாய்க்காலில், ஓட்டம் மெல்லிய இடத்தில், இடுப்பளவு தண்ணீரில். யாரும் குளிக்காத அழகான துறை கண்ணில் பட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் முதலை. கரையில் சேற்றில் வயிறு இழுத்த தடம் இருந்தால் அங்கே முகம் கழுவவும் குனியாதீர்கள். குடித்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம். போத்தலோடு வருகிறவரை இந்தப் பயணத்துக்குக் கூப்பிடாமல் விடுவதே நல்லது.

தண்ணீர் குறுக்கே ஓடுகிற வீதியில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு மதகடியில் வீதிக்கு மேலால் தண்ணீர் போனது. முழங்காலுக்குக் கீழேதான். முன்னால் போன கூட்டாளி மெதுவாக இறக்கினான். நடுவில் போனதும் பின் சில்லு பக்கவாட்டில் நகரத் தொடங்கியது, பைக்கோடு சரிந்தான். நாங்கள் நாலு பேர் பிடித்து இழுத்தோம். மாடு மேய்த்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா தடியை நீட்டிக்கொண்டு வந்தார். "தம்பியவை, ஆழத்தைப் பாத்து இறங்காதேங்கோ. ஒரு குழையை முறிச்சுப் போட்டுப் பாருங்கோ. நீங்கள் நடக்கிற வேகத்தை விட அது கெதியாப் போனா, திரும்பிப் போங்கோ." அன்றிலிருந்து நாங்கள் குழை போட்டுத்தான் பார்க்கிறோம். குழை மெதுவாகப் போனாலும், முதலில் ஒருவர் தடியோடு நடந்து தார் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டால் ஸ்ராட் பண்ணாதீர்கள். பிளக்கைக் கழற்றி, பத்துப் பதினைந்து தரம் கிக்கரை உதைத்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே சீறும். எயர் பில்டரைத் துடைத்துக் காயவிடுங்கள். ஒயில் பால்த்தேத்தண்ணி போல வெளுத்திருந்தால் ஓட்ட வேண்டாம், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ பட்டா லொறியிலோ ஏற்றி அனுப்புங்கள். அன்று எங்கள் பைக் அப்படித்தான் வீடு வந்தது.

இன்னொன்று. சிறுநீர் கழிக்கக்கூடப் பாதையை விட்டுக் காட்டுக்குள் போகாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்பு முனைக் கட்டைகளோ கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடி வேண்டாம். மழை மண்ணைக் கழுவி பழைய இரும்புகளை வெளியே கொண்டுவரும். எதையும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு 119இல் பொலிசாருக்குச் சொல்லுங்கள். விபத்து என்றால் 1990, நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். பக்கத்தில் உள்ள சந்தியின் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் கடக்கிற ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே போங்கள்.

வவுனியா, மன்னார்ப் பக்கம் இருப்பவர்களுக்கு

உங்களுக்கு வேறு சுற்று இருக்கிறது. மடுக் கோயிலுக்குப் போய், குஞ்சுக்குளம் தொங்குபாலத்தில் அருவி ஆற்றைக் கடந்து, தேக்கம் அணைக்கட்டைப் பார்த்து, கட்டுக்கரைக் குளத்தில் முடிக்கலாம். அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று ஓடுகிற ஆறுதான் இங்கே அருவி ஆறு. 164 கிலோமீற்றர் நீளம், மகாவலிக்கு அடுத்து நாட்டில் நீளமான ஆறு. தேக்கத்தில் அதை மறித்துத்தான் கட்டுக்கரைக்குத் தண்ணீர் திருப்புகிறார்கள். கரையோரம் முழுக்க மருத மரங்கள், நிழலுக்குக் குறைவில்லை. மேலே சொன்ன தண்ணீர்ப் பாடம் எல்லாம் இங்கேயும் அப்படியே.

திரும்பி வந்து

ஆறு மணிக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். இருட்டியதும் யானை இறங்கும். ஏ9இல் சூட்டுக்காக மாடுகள் தாரில் படுத்திருக்கும், கறுத்த மாடு கிட்டப் போகும் வரை வெளிச்சத்துக்குத் தெரியாது. அவரவர் வீடு சேர்ந்ததும் குழுவுக்கு ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். கடைசி ஆளின் செய்தி வரும் வரை யாரும் நித்திரைக்குப் போகக் கூடாது.

அடுத்த இரண்டு கிழமைக்குள் யாருக்காவது காய்ச்சலும் தசை நோவும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத் தண்ணீரில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் மழைக்காலத்து நோய். நேரத்துக்குப் பிடித்தால் மருந்து இருக்கிறது. காலில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று தண்ணீரில் இறங்காமல் இருப்பது நல்லது.

அப்புறம், வந்த களைப்பில் பைக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். வட்டுவாகலில் உப்புக்காற்றும், குளக்கட்டில் கிறவல் சேறும் பட்டிருக்கும். அன்றிரவே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காலையில் செயின் காய்ந்ததும் ஒயில் விடுங்கள்.